ஃபிஃப்டி லென்ஸ்கள்: ஒரே காட்சி, வேறு வேறு படம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

50 மி.மீ. பிரைம் (ஜூம் ஆகாத) லென்ஸ், அதாவது ஃபிஃப்டி, வாங்கப் போகிறவர்களும், கையில் ஒன்றை வைத்துக்கொண்டே இன்னொன்றின் மேல் கண் வைத்திருப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: ஒரே இடத்தில் நின்று, ஒரே ஆளை, ஒரே அபெர்ச்சரில் (ஒளி நுழையும் துளையின் அளவு; எஃப் 1.8, 2.8 என்று எழுதுவார்கள், எண் சின்னதானால் துளை பெரிது) எடுத்தாலும் இரண்டு ஃபிஃப்டிகள் ஏன் ஒரே மாதிரி படம் தருவதில்லை? என் பதில்: லென்ஸ் வடிவமைப்பாளர் எந்தக் குறையைச் சரி செய்தார், எதை விட்டுவைத்தார் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. மற்றபடி இதில் மந்திரம் எதுவும் இல்லை.

"ரெண்டரிங்" என்கிறார்களே, ஷார்ப்னெஸ்தானே அது?

இல்லை. ஷார்ப்னெஸ் என்பது ஃபோகஸ் விழுந்த இடத்தின் கதை. முழு அபெர்ச்சரில் எடுத்த முகப்படத்தில் ஃபோகஸில் இருப்பது கண்ணும் இமையும் அதைச் சுற்றிக் கொஞ்சமும்தான். மிச்சப் பரப்பெல்லாம் ஃபோகஸுக்கு வெளியே கிடக்கிறது. அதை லென்ஸ் எப்படிக் காட்டுகிறது, தெளிவிலிருந்து மங்கலுக்கு மெல்ல இறங்குகிறதா வெட்டென்று மாறுகிறதா, எதிர்வெளிச்சத்தில் கறுப்பு கறுப்பாகவே நிற்கிறதா வெளுத்துப்போகிறதா, ஓரங்களில் என்ன நடக்கிறது... இவையெல்லாம் சேர்ந்ததைத்தான் ரெண்டரிங் என்கிறோம்.

டெஸ்ட் சார்ட் என்பது ஒரு தட்டையான அட்டை. அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. அதனால் சார்ட்டில் முதலிடம் பிடித்த லென்ஸ் உங்கள் வீட்டுப் பெரியவரின் முகத்தை எப்படி எடுக்கும் என்று சார்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

50-ஐ மட்டும் ஏன் ஸ்டாண்டர்ட் என்கிறார்கள்? மனிதக் கண் பார்ப்பது 50 மி.மீ.யில் என்பது உண்மையா?

கண் கதையை விட்டுவிடலாம். ஃபுல்ஃப்ரேம் சென்சார் (படம் பதியும் பரப்பு) என்பது 36-க்கு 24 மி.மீ.; அதன் மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ. குவியத் தூரம் அதற்குப் பக்கத்தில் இருந்தால் படம் அகலமாகவும் தெரியாது, இழுத்துப் பிடித்த மாதிரியும் தெரியாது. 1925-ல் சந்தைக்கு வந்த லைக்காவில் 50 மி.மீ. லென்ஸ் பொருத்தப்பட்டிருந்தது. அந்தக் கேமராவை உருவாக்கியவர் ஆஸ்கர் பர்னாக், லென்ஸைக் கணக்கிட்டவர் மாக்ஸ் பெரெக். அதிலிருந்து 50 என்பது வழக்கமாகிவிட்டது.

கிராப் சென்சாரில் (ஃபுல்ஃப்ரேமைவிடச் சின்னது) 50 ஸ்டாண்டர்ட் அல்ல. நிக்கான், சோனி, ஃபியூஜி கிராப்பில் அது 75 போலவும், கேனன் கிராப்பில் 80 போலவும் நடந்துகொள்ளும். அங்கே ஸ்டாண்டர்ட் வேண்டும் என்றால் 35 அல்லது 33 மி.மீ. வாங்க வேண்டும்.

ஒரே 50, ஒரே 1.8. அப்புறம் எப்படிப் படம் மாறுகிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கினால் மிச்சக் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

லென்ஸின் நடுவே நுழையும் ஒளியும் விளிம்போரம் நுழையும் ஒளியும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். உருண்டையாகத் தேய்த்த கண்ணாடியில் அப்படிச் சேராது. விளிம்பு ஒளி கொஞ்சம் முன்னாலேயே குவிந்துவிடும். இதற்குக் கோளப் பிறழ்ச்சி என்று பெயர். வடிவமைப்பாளர் பல கண்ணாடிகளைச் சேர்த்து இதைத் திருத்துகிறார். எவ்வளவு திருத்துவது என்பதில்தான் ஒவ்வொருவர் கை வேறு.

குறைவாகத் திருத்தியிருந்தால், பின்னணியில் இருக்கும் ஒரு விளக்கு நடுவே பிரகாசமாகவும் ஓரத்தில் கரைந்தும் விழும். அப்படிப்பட்ட வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது எல்லைகள் தெரியாது. பின்னணி பஞ்சு மாதிரி ஆகிவிடும். அதற்கு விலையும் உண்டு. முழு அபெர்ச்சரில் ஃபோகஸ் இடத்திலும் ஒரு மெல்லிய பனி படரும், கான்ட்ராஸ்ட் குறையும். முன்னால் மங்கலாக இருக்கும் பொருளோ இதற்கு நேர்மாறாக, முரட்டுத்தனமாகத் தெரியும்.

அளவுக்கு மேல் திருத்தியிருந்தால் எல்லாம் தலைகீழ். பின்னணி விளக்கைச் சுற்றி பளிச்சென்று ஒரு வளையம் நிற்கும். மெல்லிய குச்சியோ, கம்பியோ, புல்லோ பின்னால் இருந்தால் அது இரண்டு கோடாகப் பிரியும். இரும்பு கிரில் கேட்டுக்கு முன்னால் ஆளை நிறுத்தி எடுத்துப் பாருங்கள், ஒவ்வொரு கம்பியும் இரட்டையாகத் தெரிந்தால் அந்த லென்ஸின் குணம் இதுதான். பழைய ஃபிலிம் காலத்து 1.8, 1.4 லென்ஸ்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். ஃபோகஸ் இடத்தில் தெளிவு கூடவேண்டும் என்பதற்காக பின்னணியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, பின்னணி மென்மை, முன்னணி மென்மை, ஃபோகஸ் இடத்தில் கூர்மை ஆகிய மூன்றையும் எளிய ஆறேழு கண்ணாடிகளுக்குள் அடைப்பது கடினம். பிற்காலத்தில் லென்ஸ்கள் பன்னிரண்டு, பதினைந்து கண்ணாடிகளுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிளானார், சோனார் என்று பேசிக்கொள்கிறார்களே, இன்றும் அது பொருந்துமா?

வேர் அங்கேதான் இருக்கிறது. 1896-ல் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் உருவாக்கியது பிளானார். அபெர்ச்சருக்கு இரு பக்கமும் ஏறக்குறைய சமச்சீராகக் கண்ணாடிகள் அமைந்த வடிவம். இதை டபுள் காஸ் என்பார்கள். நல்ல வடிவம்தான், ஆனால் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் அதிகம். கோட்டிங் (எதிரொளிப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு) இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் நான்கைந்து சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கும். எட்டுப் பரப்புகள் என்றால் கால்வாசி ஒளி போய்விடும். போனதில் ஒரு பகுதி உள்ளேயே அலைந்து கறுப்பை வெளுக்கவைக்கும்.

அதனால் லுட்விக் பெர்ட்டலே வேறு வழியில் போனார். 1930-களின் தொடக்கத்தில் கான்டாக்ஸ் கேமராவுக்காக அவர் செய்த சோனார், கண்ணாடிகளை ஒட்டி ஒட்டி மூன்றே தொகுதிகளாக அடக்கியது. ஆறே பரப்புகள். கோட்டிங் இல்லாத காலத்தில் எஃப் 1.5 லென்ஸில் அந்தக் கான்ட்ராஸ்ட் பெரிய விஷயம். பின்னணியும் பொதுவாக மென்மையாக விழும். ஆனால் அபெர்ச்சரை மூட மூட ஃபோகஸ் பின்னால் நகரும். முழு அபெர்ச்சரில் கண்ணில் வைத்த ஃபோகஸ் 2.8-ல் காதை நோக்கி நகர்ந்துவிடலாம்.

1935-ல் சைஸைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் கோட்டிங்குக்கு வழி கண்டார். அதோடு டபுள் காஸின் முக்கியமான பலவீனம் போயிற்று. இன்னொன்று, சோனாரின் பின்கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகே வரும். எஸ்எல்ஆர் கேமராவுக்குள் படத்தை வியூஃபைண்டருக்குத் திருப்பும் மிரருக்கு அங்கே இடமில்லை. அதனால் எஸ்எல்ஆர் காலத்து ஃபிஃப்டிகள் பெரும்பாலும் டபுள் காஸ் குடும்பம். இன்று விற்கும் மலிவான 1.8 லென்ஸ்களும் அதே குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

ஒரு எச்சரிக்கை: லென்ஸில் எழுதியிருக்கும் பெயரை அப்படியே நம்பிவிட வேண்டாம். சோனியின் 55 எஃப் 1.8 லென்ஸிலும் சோனார் என்றுதான் இருக்கிறது. 2013-ல் வந்த அருமையான லென்ஸ் அது, கூர்மைக்குப் பெயர் போனது. பெர்ட்டலேயின் பழைய சோனாரின் குணத்தை அதில் தேடினால் கிடைக்காது.

பின்னணி விளக்குகள் சில லென்ஸில் வட்டம், சிலதில் ஐங்கோணம், ஓரத்தில் எலுமிச்சை மாதிரி. ஏன்?

மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

கோணங்கள் வருவது அபெர்ச்சர் பிளேடுகளால். 1990-ல் வந்த கேனன் 50 எஃப் 1.8-ன் இரண்டாம் பதிப்பில் ஐந்து பிளேடுகள். முழுதாகத் திறந்திருந்தால் வட்டம். கொஞ்சம் மூடினாலே தெருவிளக்கெல்லாம் ஐங்கோணம். 2015-ல் வந்த எஸ்டிஎம் பதிப்பில் வளைந்த ஏழு பிளேடுகள், அதனால் 2.8 வரைக்கும் ஏறக்குறைய வட்டமாகவே இருக்கும். உள்ளே கண்ணாடி அமைப்பு பழையதேதான்: ஐந்து தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். பிளேடை மட்டும் மாற்றினால் படம் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடையாது. நிக்கானின் பழைய 50 எஃப் 1.8டி-யில் ஏழு நேரான பிளேடுகள். அதில் எழுகோணம் வரும்.

ஓரத்து எலுமிச்சைக்குக் காரணம் லென்ஸ் குழல். படத்தின் மூலைக்குப் போகும் ஒளி சாய்வாக நுழைகிறது. முன்கண்ணாடியின் விளிம்பும் பின்கண்ணாடியின் விளிம்பும் அதை இரு பக்கமும் நறுக்கிவிடுகின்றன. பூனைக்கண் என்று இதைச் சொல்வார்கள். ஏறக்குறைய எல்லா வேகமான லென்ஸிலும் உண்டு. எஃப் 2.8-க்கு மூடினால் பெரும்பாலும் வட்டமாகிவிடும்.

இன்னொன்று நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். விளக்கு வட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளே வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினது போல வளையம் வளையமாகத் தெரிகிறதா? அந்த லென்ஸில் அச்சில் வார்த்த ஆஸ்ஃபெரிக்கல் (உருண்டை வளைவு இல்லாத) கண்ணாடி இருக்கிறது. அச்சைக் கடைந்த கருவியின் நுண்ணிய வரிகள் கண்ணாடியில் பதிந்து, அங்கிருந்து உங்கள் படத்துக்கு வந்துவிடுகின்றன. மேலே சொன்ன சோனி 55-ல் இதை எளிதாகப் பார்க்கலாம். இலைதழைப் பின்னணியில் தெரியவே தெரியாது. கல்யாண மண்டபத்து சீரியல் லைட்டில் மாட்டிக்கொள்ளும்.

1.8-லிருந்து 1.4, 1.2 என்று போனால் பின்னணி மங்கல் எவ்வளவு கூடும்?

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஆள் 1.5 மீட்டரில், பின்னணி வெகுதொலைவில். ஃபுல்ஃப்ரேம் சென்சாரில் தூரத்து விளக்கு ஒன்று விழும் வட்டத்தின் விட்டம் எஃப் 1.8-ல் சுமார் 0.96 மி.மீ., 1.4-ல் 1.23 மி.மீ., 1.2-ல் 1.44 மி.மீ. சென்சார் அகலம் 36 மி.மீ. ஆக, 1.8-லிருந்து 1.2-க்குப் போனால் வட்டம் ஒன்றரை மடங்காகிறது. விலை ஒன்றரை மடங்கோடு நிற்காது என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது அதே 1.8 லென்ஸோடு ஆளை நோக்கி 30 செ.மீ. முன்னால் போங்கள். தூரம் 1.2 மீட்டர். வட்டம் 1.21 மி.மீ. ஆகிவிடும், கிட்டத்தட்ட 1.4 லென்ஸ் தந்தது. ஃப்ரேம் கொஞ்சம் நெருக்கமாகும், அவ்வளவுதான்.

பின்னணித் தூரம் இன்னும் முக்கியம். ஆளுக்குப் பின்னால் ஒரே மீட்டரில் சுவர் இருந்தால் மேலே சொன்ன மங்கலில் 40 சதவீதம்தான் கிடைக்கும். சுவரை ஒட்டி நிற்கவைத்துவிட்டு எஃப் 1.2 வாங்கினாலும் பயனில்லை. பத்து மீட்டர் தள்ளி மரமோ கடைத்தெருவோ இருக்கிற மாதிரி ஆளை நிறுத்தினால் பழைய 1.8-ஏ பிரமாதமாக வேலை செய்யும்.

வெளிச்சக் கணக்கு தனி (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்). 1.8-லிருந்து 1.4-க்கு முக்கால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவு, 1.4-லிருந்து 1.2-க்கு அரை ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவு. இன்றைய சென்சார்களில் ஐஎஸ்ஓ-வை (ஒளியுணர்வு எண்) ஏற்றி இதைச் சமாளித்துவிடலாம்.

மல்லிகைப் பூவின் ஓரத்தில் ஒரு பக்கம் ஊதா, ஒரு பக்கம் பச்சை வருகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. வெவ்வேறு நிற ஒளி வெவ்வேறு தூரத்தில் குவிவதால் வருவது இது, நீளவாட்டு நிறப்பிறழ்ச்சி. ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் பூவில் ஊதா-சிவப்பு விளிம்பு, பின்னால் இருப்பதில் பச்சை விளிம்பு. தலையில் வைத்த மல்லிகைச் சரம் முன்னிருந்து பின்னாகப் போவதால் ஒரே சரத்தில் இரண்டும் தெரியும். கறுப்புக் கூந்தல் மேல் வெள்ளைப் பூ என்பதால் ஒளிந்துகொள்ள இடமும் இல்லை. வெள்ளி நகை, வெள்ளை வேட்டியின் மடிப்பு, குரோம் பூசின பைக் எல்லாவற்றிலும் இதே கதை.

எளிய 1.8, 1.4 லென்ஸ்களில் இது சகஜம். எஃப் 4-க்கு மூடினால் ஏறக்குறைய போய்விடும். எடிட்டிங்கில் நிறத்தை எடுக்கலாம். பச்சை இலை அருகே இருந்தால் அதன் நிறமும் சேர்ந்து போகும், பார்த்துச் செய்யுங்கள். இந்தக் குறையை முழுசாக அடக்கின லென்ஸ் என்று 2013-ல் பெரிதாகப் பேசப்பட்டது சைஸ் ஓட்டஸ் 55 எஃப் 1.4. எடை ஏறக்குறைய ஒரு கிலோ, ஆட்டோஃபோகஸ் கிடையாது.

புது லென்ஸ்களில் "உயிர் இல்லை" என்கிறார்களே?

பாதி உண்மை, பாதி பழங்காலப் பாசம்.

2014-ல் வந்த சிக்மா 50 எஃப் 1.4 ஆர்ட்டில் 13 கண்ணாடிகள், எடை 815 கிராம். நிக்கான் இசட் 50 எஃப் 1.8-ல் 12 கண்ணாடிகள், 415 கிராம். 2018-ல் வந்த கேனன் ஆர்எஃப் 50 எஃப் 1.2-ல் 15 கண்ணாடிகள், 950 கிராம். இவை முழு அபெர்ச்சரிலேயே மூலை வரை கூர்மை. தோலில் உள்ள ஒவ்வொரு துளையும் தெரியும். முகப்படத்தில் இது எல்லாருக்கும் பிடிப்பதில்லை; அதைத்தான் உயிர் இல்லை என்கிறார்கள் என்று நினைக்கிறேன். கூர்மையைக் குறைத்துக்கொள்ள எடிட்டிங்கில் வழி உண்டு. இல்லாத கூர்மையைக் கொண்டுவர வழி இல்லை.

எதிர்த்திசையில் வேண்டுமென்றே போன லென்ஸும் உண்டு. நிக்கானின் 58 எஃப் 1.4ஜி, 2013. சார்ட்டில் அது சாதாரண மதிப்பெண்தான் வாங்கியது. அந்த விலைக்கு இதுவா என்று பலரும் திட்டினார்கள். முழு அபெர்ச்சரில் கொஞ்சம் மென்மை, ஆனால் பின்னணி வழிந்து கரையும். இரவில் ஓரத்து விளக்குகள் சிறகு முளைக்காமல் புள்ளியாகவே நிற்கும். இரண்டு மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஆளை அதில் எடுத்துப் பார்த்தால் வடிவமைப்பாளர் எதற்காக மெனக்கெட்டார் என்று புரியும். என் ஓட்டு இந்த லென்ஸுக்கு, ஆனால் வேலைக்காகக் கல்யாணம் எடுப்பவர் என்றால் இசட் 1.8-ஐத்தான் சொல்வேன். இருட்டு மண்டபத்தில் நூற்றுக்கணக்கான படங்களில் ஃபோகஸ் தவறாமல் கிடைப்பது பின்னணியைவிடப் பெரிய விஷயம்.

"3டி பாப்" உண்மையா?

படத்தில் ஆள் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்பது உண்மை. அதற்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சம்: பக்கவாட்டிலிருந்து வரும் ஜன்னல் ஒளி, பின்னணியைவிட ஒரு ஸ்டாப் பிரகாசமான முகம், பத்து மீட்டர் தள்ளின பின்னணி. மிச்சம் கொஞ்சம் லென்ஸின் கான்ட்ராஸ்ட். "இந்த லென்ஸில் 3டி இருக்கிறது" என்று காட்டப்படும் மாதிரிப் படங்களில் எத்தனை நடுமதியம், டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தவை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

லென்ஸ் நிறத்தை மாற்றுமா?

கொஞ்சம். கண்ணாடியும் கோட்டிங்கும் சற்று மஞ்சளாகவோ நீலமாகவோ சாய்க்கும். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத கோப்பு) ஒயிட் பேலன்ஸ் சரி செய்தால் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சுவது எதிர்வெளிச்சத்தில் வரும் வித்தியாசம். அது நிறமாகத் தெரிந்தாலும் உண்மையில் ஃப்ளேர், அதாவது லென்ஸுக்குள் அலையும் ஒளி.

பழைய ஹீலியோஸ், டக்குமார் வாங்கலாமா?

விளையாட்டுக்கு வாங்கலாம், தாராளமாக.

ஹீலியோஸ் 44 என்பது 58 மி.மீ. எஃப் 2. போருக்கு முந்தைய ஜெர்மானிய பயோட்டார் லென்ஸைப் பார்த்து சோவியத் நாட்டில் செய்தது. மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் மலைமலையாகச் செய்து தள்ளினார்கள். அதன் சுழல் பின்னணிதான் எல்லாருக்கும் தெரிந்தது. ஓரத்துப் பூனைக்கண்கள் படத்தின் மையத்தைச் சுற்றி வரிசையாகச் சாய்ந்து நிற்பதால் பின்னணி சுழல்வது போலத் தோன்றுகிறது. அது எப்போதும் வராது. ஆளை நடுவில் வையுங்கள், இரண்டு மீட்டர் வாக்கில் நில்லுங்கள், பின்னால் ஆறேழு மீட்டரில் வானம் புள்ளி புள்ளியாகத் தெரியும் இலைக்கூட்டம் இருக்கட்டும். வேப்பமரம் இதற்கென்றே பிறந்தது. வெறும் சுவர் முன்னால் ஹீலியோஸும் சாதாரண லென்ஸ்தான்.

பென்டாக்ஸ் கம்பெனியின் டக்குமார் 50 எஃப் 1.4 வேறு ரகம்: கையில் பிடித்தாலே பிடித்துப்போகும், ஃபோகஸ் வளையம் வெண்ணெய். அதன் சில பதிப்புகளில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. லேசான கதிரியக்கம் கொண்டது. வருடங்கள் போகப் போகக் கண்ணாடி மஞ்சளாகிவிடும். புற ஊதா விளக்கின் கீழ் பல நாள் வைத்தால் மஞ்சள் பெருமளவு தெளியும்.

கேமராவில் பொருத்த எம்42 (இந்தப் பழைய லென்ஸ்களின் திருகு மவுன்ட்) அடாப்டர் வேண்டும். மிரர்லெஸ் எல்லாவற்றிலும் பிரச்சினை இல்லை. நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மட்டும் வெறும் வளைய அடாப்டர் போட்டால் தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் கிடைக்காது.

வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: ஃபங்கஸ். அபெர்ச்சரைத் திறந்து, பின்பக்கத்திலிருந்து மொபைல் டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி நூல் போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் விட்டுவிடுங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. சென்னை, கடலூர், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் புது லென்ஸுக்கே ஃபங்கஸ் வரும். மூடின தோல் பையில் வைக்கவே கூடாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

நானே இரண்டு லென்ஸை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

முதலில் இடம். நிழலான இடமாகப் பாருங்கள். மேகம் நகர்ந்தால் வெளிச்சம் மாறி ஒப்பீடே வீணாகும். ஆள் 1.5 மீட்டரில் உட்காரட்டும். பின்னால் மூன்று மீட்டரில் ஏதாவது மெல்லிய கோடுகள்: கொடிக்கயிறு, கிரில், தென்னங்கீற்று. பத்து மீட்டரில் இலைக்கூட்டம். மாலையானதும் அதே இடத்தில் சீரியல் லைட் ஒன்றைத் தொங்கவிட்டு இன்னொரு சுற்று.

கேமரா டிரைபாடில். ரா ஃபைல், ஒயிட் பேலன்ஸ் ஒரே எண், லென்ஸ் கரெக்ஷன் அணைத்து வையுங்கள். ஃபோகஸ் கையால், திரையில் பெரிதாக்கிப் பார்த்து, அருகிலுள்ள கண்ணின் இமையில். எஃப் 1.8, 2.8, 4, 5.6 போதும். 8-க்கு மேல் எடுப்பது நேர விரயம். அங்கே எல்லா ஃபிஃப்டியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஃபோகஸ் நகர்கிறதா என்று பார்க்க, முழு அபெர்ச்சரில் ஃபோகஸ் செய்துவிட்டு வளையத்தைத் தொடாமல் மூடிக்கொண்டே போங்கள். டிஎஸ்எல்ஆர் லென்ஸை முழுதாகத் திறந்துவைத்துத்தான் ஃபோகஸ் செய்கிறது. மூடுவது கிளிக் அடிக்கும் நொடியில். அதனால் ஃபோகஸ் நகரும் லென்ஸ் அங்கே உங்களை ஏமாற்றும். கேனனின் பழைய இஎஃப் 50 எஃப் 1.2 இதற்குப் பெயர்பெற்றது.

50 என்று எழுதியிருந்தாலும் அது சரியாக 50-ஆக இருக்காது, ஒன்றிரண்டு மி.மீ. கூடக் குறைய இருக்கும். அதனால் முகத்தின் அளவு ஒன்றாக வருகிற மாதிரி கேமராவைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் இரண்டின் பிரகாசத்தையும் சமமாக்குங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். கால் ஸ்டாப் பிரகாசமான படம் எப்போதும் நல்ல லென்ஸ் மாதிரி தெரியும்.

கடைசியாக, ஃபைல் பெயரை வேறு யாரையாவது மாற்றச் சொல்லிவிட்டு, எது எதுவென்று தெரியாமல் பாருங்கள். முதலில் முழுப்படமாக, உங்கள் வழக்கமான அளவில். நூறு சதவீதப் பெரிதாக்கல் எல்லாம் பிறகு. முழுப்படத்தில் உங்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால், விலை குறைந்ததை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடலாம்.

விளக்குகள் நட்சத்திரமாக வர எந்த லென்ஸ் நல்லது?

நேரான பிளேடு உள்ள பழையது. இரட்டைப்படை பிளேடு என்றால் அத்தனையே கதிர்கள். ஒற்றைப்படை என்றால் இரு மடங்கு. ஐந்து பிளேடு பத்துக் கதிர் தரும், ஏழு பிளேடு பதினான்கு. எஃப் 11 வாக்கில் எடுங்கள். பொக்கேவுக்காக (பின்னணி மங்கலின் அழகுக்காக) பிளேடை வளைத்த புது லென்ஸ்கள் இதில் பொதுவாகச் சுமார்தான்.

மொபைல் போர்ட்ரெய்ட் மோடு இதையெல்லாம் செய்துவிடாதா?

சின்னத் திரையில் பார்த்தால் பல நேரம் செய்துவிடும். தலைமுடி ஓரத்திலும், கண்ணாடிக் கோப்பையிலும், ஃபோகஸ் மெல்ல இறங்கும் தோள்பட்டையிலும் தடுமாறும்.

சரி, எதைத்தான் வாங்குவது?

முதல் பிரைம் என்றால் உங்கள் கேமரா கம்பெனியின் 1.8. கேனன் எஸ்டிஎம், நிக்கான் 1.8ஜி இரண்டும் தயங்காமல் வாங்கலாம். பழைய நிக்கான் 1.8டி விலை குறைவாகக் கிடைத்தால், உங்கள் பாடியில் ஃபோகஸ் மோட்டார் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 3000, 5000 வரிசை கேமராக்களில் அது ஆட்டோஃபோகஸ் ஆகாது.

ஃபியூஜிக்காரர்களுக்குத் தனிப் பிரச்சினை. 2012-ல் வந்த 35 எஃப் 1.4-ன் ஃபோகஸ் மெதுவானது, சத்தமும் போடும். அப்படியும் அதன் படத்துக்காக விடாமல் வைத்திருப்பவர்கள் ஏராளம். 35 எஃப் 2 சின்னது, வேகமானது, மழைத்தூறலுக்குத் தாங்கும். குழந்தை ஓடிக்கொண்டே இருக்கும் வீடு என்றால் எஃப் 2. உட்காரவைத்து எடுக்கிறவர் என்றால் 1.4.

1.2 எல்லாம், ஒரு வருடம் 1.8-ல் எடுத்த படங்களைத் திரும்பப் பார்த்து, "இங்கே லென்ஸ்தான் தடை" என்று காட்ட நாலு படம் தேறினால் யோசிக்கலாம்.

யூவி ஃபில்டர் போட்டால் ரெண்டரிங் கெடுமா?

பகலில் வித்தியாசம் பிடிபடாது. இரவில் போட்டுக் கொடுத்துவிடும். மலிவான தட்டை ஃபில்டரும் சென்சாரும் ஒன்றுக்கொன்று ஒளியைத் திருப்பி அடித்து, பிரகாசமான விளக்கின் தலைகீழ் பிம்பத்தை மையத்துக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைக்கும். திருவிழா இரவில் கோபுர விளக்கு இடது மேல் மூலையில் இருந்தால் வலது கீழ் இருட்டில் பச்சையாக ஒன்று மிதக்கிறதா என்று பாருங்கள். மிதந்தால் ஃபில்டரைக் கழற்றி இன்னொரு கிளிக். போய்விட்டால் குற்றவாளி அதுதான். இரவில் லென்ஸ் ஹூட் மட்டும் போதும்.